மூன்றாம் ஓலை

என் அக்கா பெபிஷா குற்றவியலும் சட்டமும் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். திருநெல்வேலியில் பேராசிரியை. கடலில் காணாமல் போனவனை இறந்தவனாக ஏற்க, சட்டம் ஏழு வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. குற்றமே செய்யாத குடும்பத்துக்குக் கொடுக்கிற தண்டனை அது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மேடை மேடையாக அதையே பேசினாள். சனிக்கிழமை ஊருக்கு வந்தால் கடற்கரைப் பெண்கள் தேடி வருவார்கள். மனு எழுதிக் கொடுத்து, “இனி காத்துக் கெடக்காதீங்க” என்று சொல்லி அனுப்புவாள். தன் கதையைக் கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

ஷிபுவுக்கும் அவளுக்கும் கல்யாணம் உறுதியாகி, கோயிலில் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை அறிவித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்வது எங்கள் வழக்கம். அதற்குப் பிறகுதான் தாலி. இரண்டு வாரம் வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறுக்குள் வந்துவிடுவேன் என்று ஷிபு கூட்டாளியின் போட்டில் போனான். புயல் வந்தது. போட்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அக்கா மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. இத்தனை சட்டம் படித்தவளுக்கு அந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

போன சனிக்கிழமை ஷிபுவின் அம்மா செசிலி மாமி வந்தாள். ஏழு வருஷம் முடிந்துவிட்டது. ஷிபுவின் சொந்த வள்ளம் அவன் பெயரிலேயே கரையில் கிடந்து மக்குகிறது. இறப்புச் சான்றிதழ் இருந்தால்தான் அதைத் தம்பி ரிஜோ பெயருக்கு மாற்றி, கடலில் இறக்க முடியும்.

“எனக்க மோன் செத்துப் போனான்னு நீயே எழுது மக்கா. வேற ஆளு எழுதினா எனக்குத் தாங்காது.”

அக்கா எழுதினாள். பெயர், வயது, கடலுக்குப் போன நாள். உறவினர் என்ற இடத்தில் தாய், தம்பி என்று எழுதி நிறுத்தினாள்.

“உனக்க பேரையும் போடு மக்கா.”

“நான் அவருக்கு யாருன்னு போட மாமி? கோர்ட்டுல கேட்டா சொல்ல ஒண்ணும் இல்ல.”

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, ஆனாலும் நின்றேன்.

மனு முடிந்தது. மாமி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள். அக்கா சட்டென்று தாளின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

“மாமி, ஒரு ஓலை பாக்கி கெடக்கே.”