அத்தானும் பொத்தானும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டில் கிடைத்தது. என்னோடு ஏறிய பெரிய மனிதர் ஒருவர் நான்காம் எண்ணை ஏழு தடவை அழுத்தினார். "ஒரு தடவை போதாதுங்களா?" என்று கேட்டேன். "போதும். ஆனா அதுக்கும் ஒரு பயம் இருக்கணும்ல?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு தொலைக்காட்சி சேனலைச் சொந்தமாகக் கொடுத்தேன். அன்று மாலை ஏழு மணிக்குத் தொடக்க விழா என்றும் வைத்தேன். கதை எழுதுகிறவன் தாராளமாக இருப்பதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "மாலை ஏழு மணி. ஒரு புதிய யுகத்தின் வாசலில்…" அடித்துவிட்டேன். யுகத்துக்கு வாசல் வைத்த கொத்தனார் யார் என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டாவது முயற்சி: "அவனுடைய விரல்கள் நடுங்கின, ஏனெனில்…" ஏனெனில் என்ன என்று எனக்கே தெரியவில்லை.

2

அந்த 'அவன்' யார் என்று சொல்லவேண்டும். முதலாளியின் மச்சான். சேனலின் கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பாக அவனைத்தான் முதலில் உட்காரவைத்தேன். கோளாறு வந்ததும் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எழுந்து போய்விட்டான். ஒன்றரைப் பக்கத்தில் கதை முடிந்துவிட்டது.

ஆகவே மச்சானைத் தூக்கிவிட்டு மச்சினியைப் போட்டேன். முதலாளி மனைவியின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். சின்னவள் எழுந்து போகமாட்டாள். அந்த அறையின் ஒவ்வொரு வயரையும் அவளே இழுத்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். அந்த அறை என்றால் அவளுக்கு உயிர்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: முதலாளியை அவள் 'மாமா' என்றுதான் கூப்பிடுவதாக இருந்தது. தலைப்பு வாகாக வரவில்லை. அத்தான் ஆக்கிவிட்டேன். மாமாக்கள் மன்னிக்கவும்.)

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அத்தான் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளங்கை அகலத்தில் சிவப்புப் பொத்தான். "மேடையில நான் இதை அமுக்கணும், சேனல் வரணும்."

"வரும் அத்தான்."

"ஒழுங்கா முடிஞ்சா இந்த ரூம் உன் பொறுப்பு. ஏதாவது சொதப்புச்சு, வெளியிலேருந்து இன்ஜினியர் வருவார். நீ வாசல்ல உட்கார்ந்து வர்றவங்க பேரை எழுதலாம். அக்கா சிபாரிசெல்லாம் அப்புறம் செல்லாது, பார்த்துக்க."

பொத்தானை உண்மையாகவே கருவிகளோடு இணைக்க ஒரு வாரம் ஆகும். இருந்ததோ இரண்டு நாள். சின்னவள் பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பையும் பேட்டரியையும் வைத்து மூடினாள். அழுத்தினால் சிவப்பாக எரியும், அவ்வளவுதான். அத்தான் அழுத்துவதைக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் பார்த்து, அவள் மாடியில் உண்மையான விசையைத் தட்டுவாள்; ஒரு தட்டில் சேனல் வரும், அடுத்த தட்டில் நிற்கும். ஒத்திகையில் கச்சிதமாக வந்தது. அத்தான் பூரித்துப்போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று சின்னவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

3

கோளாறு எங்கிருந்து வரவேண்டும் என்று நெடுநேரம் யோசித்தேன். இடி? எலி? எலியை நம்பி ஒரு தொழில்நுட்பக் கதையை ஒப்படைக்க மனம் வரவில்லை.

மேடை அலங்காரக்காரரை வரவழைத்தேன். ஏழு அடிக்க ஐந்து நிமிடம். திரைச்சீலை தொய்ந்தது. கட்டக் கயிறு இல்லை. தரையில் கறுப்பாக நீளமாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மேடைக் கேமராவிலிருந்து மாடிக்குப் போகும் வயர் அது. தேவையான அளவு வெட்டி எடுத்து, முடிச்சுப் போட்டு, நான்கு அடி தள்ளி நின்று அழகு பார்த்தார். நல்ல வேலைக்காரர். முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

மாடியில் சின்னவளின் திரை இருண்டது. கீழே ஓட நேரமில்லை. அப்போதுதான் நினைவு வந்தது: விழாவைப் புகைப்படக்காரர் ஒருவர் இணையத்தில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார். போனை எடுத்தாள். மேடை தெரிந்தது, அத்தான் தெரிந்தார், முன்வரிசையில் அக்கா தெரிந்தாள். "அப்பாடா!" என்றாள்.

இணையத்தில் வருகிற நேரலை நாற்பது வினாடி தாமதமாக வரும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். மற்றவர்களுக்குப் பாடமே எடுப்பாள். ஆனால் பதற்றத்தில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடாதவர் யார்?

4

அத்தான் பொத்தானை அழுத்தினார். பல்பு எரிந்தது. அரங்கில் முந்நூறு பேர் பெரிய திரையைப் பார்த்தார்கள். திரை இவர்களைப் பார்த்தது. அத்தான் மறுபடி அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு அழுத்து.

நாற்பது வினாடி கழித்து, போனில் முதல் அழுத்தலைப் பார்த்த சின்னவள் விசையைத் தட்டினாள். சேனல் வந்தது. பக்கத்துக் கண்ணாடி அறையில் செய்தி வாசிப்பவர் சிவப்பு விளக்கைப் பார்த்து மலர்ந்தார். "வணக்கம். இன்று முதல்…"

கீழே கைதட்டல். ஆனால் போனில் அத்தான் இரண்டாம் தடவை அழுத்திக்கொண்டிருந்தார். சின்னவள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். எதற்கு இன்னொரு தடவை? நிறுத்தச் சொல்கிறாரோ? நிறுத்தாவிட்டால் பொத்தான் டம்மி என்று குட்டு உடைந்துவிடுமே! பொய் நிற்கவேண்டுமென்றால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பலன் இருந்தே ஆகவேண்டும். தட்டினாள். சேனல் போயிற்று. மூன்றாம் அழுத்தல் தெரிந்தது. தட்டினாள். வந்தது.

"வணக்கம். இன்று…"

அரங்கிலோ, சேனல் நடுவில் போனதைப் பார்த்த அத்தான் அதற்கும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தார். அது நாற்பது வினாடியில் மாடிக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த சேனலை நிறுத்தியது. அவர் மறுபடி அழுத்தினார். இப்படியே போனது. எனக்கும் இதை நிறுத்த வழி தெரியவில்லை. நான்கு பக்கம் எழுதிவிட்டேன், அத்தனையும் வணக்கம். உங்களுக்காக மூன்றே முக்கால் பக்கத்தைக் கிழித்திருக்கிறேன்.

(செய்தி வாசிப்பவர் கதைக்குத் தேவையா என்று ஒரு சந்தேகம் இருந்தது. ஆறாவது வணக்கத்தில் அவர் குரலில் களைப்பு வந்தது. ஒன்பதாவது, கடன்காரனைப் பார்த்துச் சொல்வதுபோல் இருந்தது. பிறகு கண்ணாடியைத் தட்டி, "நான் இருக்கட்டுமா, போகட்டுமா? ஒண்ணு சொல்லுங்க!" என்றார். அது ஊரெல்லாம் ஒளிபரப்பானது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

5

"என்னடி பண்ணிட்டிருக்கே? அங்க மனுஷனுக்கு விரல் வீங்கிப்போச்சு!"

சின்னவள் திரும்பினாள். வாசலில் அக்கா, மூச்சு வாங்க நின்றாள். சின்னவள் போனைப் பார்த்தாள். முன்வரிசையில் அக்கா, அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ கீழல்ல இருக்கே?"

"மூணு மாடி ஏறி வந்திருக்கேன், கண்ணு தெரியலையா?"

"இல்லக்கா, இங்க பாரு. கீழதான் இருக்கே."

அக்கா குனிந்து பார்த்தாள். போனில் இருந்த அக்கா எழுந்து, பக்கத்து நாற்காலிக்காரரின் காலை மிதித்துவிட்டு வெளியே ஓடினாள்.

"அட, அவர் காலை மிதிச்சு முக்கால் நிமிஷம் ஆச்சேடி!"

(இங்கே ஒரு தவறு. மூன்று மாடியை நாற்பது வினாடியில் ஏறமுடியாது. மாடியை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கட்டும், அக்காவுக்கு எப்படியும் வாங்கும்.)

சின்னவள் கைகளைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வயர் போனதை, போனை நம்பியதை. கடைசியில், "அந்தப் பொத்தான் டம்மிக்கா. உள்ள ஒரு பல்பு மட்டும்தான்."

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்து நான் நல்ல நல்ல வசவுகளாக ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. "ரெண்டு நாளா அதைத் துணி போட்டுத் துடைச்சுக்கிட்டே இருந்தாருடி," என்றாள். சின்னவளுக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. அறை போய்விடுமே என்ற பயம் அதுவரை. இது வேறு. நம்பின மனுஷனைச் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாற்றிவிட்டோமே!

சேனல் அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சொன்னாள்: "நீ இதுலேருந்து கையை எடு. நான் போய் அவர் கையை எடுக்கறேன்."

6

பதினோராவது வணக்கம் நிலைத்தது. செய்தி வாசிப்பவர் தம் வாக்கியத்தை முற்றுப்புள்ளிவரை சொல்லிமுடித்து, தம்மையறியாமல் கைதட்டினார். மேடையில் அக்கா அத்தானின் வலதுகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்நூறு பேரும் அதைப் பாசம் என்று நினைத்தார்கள்.

இங்கே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். "அனைவரும் மகிழ்ச்சியாகக் கலைந்து…" இல்லை, அறை யாருக்கு என்று சொல்லாமல் எப்படிக் கலைவது? வெளி இன்ஜினியரை வரவழைத்துப் பார்த்தேன். வந்தவர் சீட்டுகளை எல்லாம் படித்துவிட்டு "அருமையா இருக்கே" என்று போய்விட்டார். ஆள் பிரயோசனமில்லை.

7

விருந்தாளிகள் போனபிறகு அத்தானே மாடிக்கு வந்தார். கையில் பொத்தான் பெட்டி. அதன் அடிமூடி திறந்திருந்தது. பல்பு தெரிந்தது. அதைத் தவிர உள்ளே எதுவும் இல்லை என்பதும் நன்றாகத் தெரிந்தது.

மூடி தானாகக் கழன்றதா, அவரே கழற்றினாரா? சத்தியமாக எனக்குத் தெரியாது. அவர் முகத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். நான்கிலும் அவர் சாதாரணமாகத்தான் இருக்கிறார். பின்னால் நிற்கும் அக்காவிடம் கேட்கலாமென்றால், அவள் கூரையைப் பார்க்கிறாள்.

"நல்லபடியா முடிஞ்சுதும்மா," என்றார் அத்தான். "இனிமே தினமும் காலைல ஆறு மணிக்கு நானே வந்து அமுக்கி ஆரம்பிச்சு வைக்கலாம்னு இருக்கேன். இந்த ரூம்ல இதை எங்க வைக்கலாம், சொல்லு. பொறுப்பு உன்னோடதுதானே?"

சின்னவள் வாயைத் திறந்தாள்.

"மன்னிச்சுடுங்க அத்தான்" என்று ஒரு பிரதியில் எழுதினேன். அறை போய்விடுமோ என்று நானே பயந்து அடித்துவிட்டேன். "மேசைமேலயே வைங்க அத்தான்" என்று இன்னொரு பிரதி. அப்படியானால் தினமும் காலை ஆறு மணிக்கு அவள் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடுவாள். அதையும் அடித்துவிட்டேன்.

என்னால் ஆனது இவ்வளவுதான். ஒரு வார்த்தை நீங்கள் எடுத்துக்கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பாவம், எவ்வளவு நேரம்தான் ஒரு பெண் வாயைத் திறந்தபடியே நிற்பாள்? அத்தானும் பெட்டியைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறார்.