செவ்வாய், வியாழன் ஷிஃப்ற்

அனோஜா விடாப்பிடியாகக் கூப்பிட்டிருக்காவிட்டால் சியாமளா அந்தக் கல்லூரிப் பக்கம் போயிருக்கவே மாட்டாள். இருவருக்கும் அஜின்கோர்ட்டில் ஒரே மருந்துப் பாமசியில் வேலை. அனோஜாவின் மகள் ஷரோன் சமூகக் கல்லூரியில் ஃபஷன் டிசைனும் மேர்ச்சன்டைசிங்கும் படிக்கிறாள். உடுப்பைத் தைத்தால் மட்டும் போதாது, அதை எந்தக் கடையில், யாருக்கு, என்ன விலைக்கு விற்பது என்றும் சொல்லத் தெரியவேண்டும் என்று அனோஜா பெருமையோடு விளக்குவாள். வருட முடிவில் மாணவர்கள் தைத்தவற்றை மேடையில் காட்டுவார்களாம். கணவர் கொழும்புக்குப் போயிருந்ததால் தனியாகப் போய் இருக்க அனோஜாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

சனிக்கிழமைதானே, போய்விட்டு வருவோம் என்று சியாமளாவும் சம்மதித்தாள். வீட்டிலும் யாருமில்லை. மகன் முரளி வெளியூரில், வோட்டர்லூவில் படிக்கிறான். தூரத்துப் பிறம்ரனில் சாமான் அடுக்கும் ஒரு வெயார்ஹவுஸில் சுப்பர்வைசராக இருக்கும் கணவர் ரகுநாதன், இன்றைக்கு ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விட்டார். ஓவர்டைம் அவருக்குப் புதிதல்ல. இரண்டு வருடங்களாகச் செவ்வாயும் வியாழனும் பின்னேர ஷிஃப்ற். சியாமளா சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொண்டுபோகவேண்டும் என்று கேட்பார். அவள் நாலு றோல்ஸ் கூடுதலாகப் பொரித்து வைப்பாள்.

ரகுநாதன் வீட்டில் அதிகம் பேசமாட்டார். என்ன கறி, காருக்கு ஒயில் மாற்றவேண்டும், முரளி போன் எடுத்தவனோ. அதற்குமேல் பேச்சு நீளாது. பழகிவிட்டது. வெயார்ஹவுஸில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிற மனுசன், வீட்டிலாவது வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும் என்று சியாமளா விட்டுவிட்டாள்.

மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. ஷரோனின் உடுப்புகள் முதலிலேயே வந்துபோயின. அனோஜா எல்லாவற்றையும் வீடியோ எடுத்தாள். பிறகு மாக்கஸ் என்ற ஆசிரியர் மேடைக்கு வந்து, அடுத்தது பின்னேர வகுப்பு மாணவர்கள், பகலில் வேலை செய்துவிட்டு வந்து படிப்பவர்கள் என்று அறிமுகப்படுத்தினார். அவர்களில் ஒருவர் செய்ததைப் பார்த்துத் தானே வாயடைத்துப் போனதாகவும் சொன்னார்.

இசை மாறியது. மேடைக்கு வந்த பெண்கள் மொடல்கள் போல ஒல்லியாக, உயரமாக இல்லை. பஸ்ஸிலும் கடையிலும் பார்க்கிற சாதாரணப் பெண்கள். போட்டிருந்ததும் வேலைக்கான தடித்த குளிர் ஜக்கெற்றுகள். லொறியில் சாமான் ஏற்றும் இடங்களில் கதவுகள் எப்போதும் திறந்தே கிடக்கும், அங்கே பெண்களுக்கும் ஆண்களின் அளவில்தான் ஜக்கெற் கொடுக்கிறார்கள், கை நீளம், தோள் தொங்கும், மெஷினில் மாட்டும் என்று மாக்கஸ் விளக்கினார். இவையெல்லாம் பெண்களின் உடம்புக்கென்றே அளவெடுத்து வெட்டியவை. கையுறையைக் கழற்றாமலே ஒருத்தி பொக்கற்றைத் திறந்து காட்டினாள். ஹிஜாப் அணிந்த இன்னொருத்தி தொப்பியை இழுத்து மூடினாள். அது ஹிஜாபின் மேல் இறுக்கமில்லாமல் அழகாக உட்கார்ந்தது. சனம் கைதட்டியது. சியாமளாவும் மனதாரத் தட்டினாள்.

"இவற்றைச் செய்தவர், எங்கள் றகு," என்றார் மாக்கஸ்.

கழுத்தில் அளவுநாடாவோடு ஒருவர் மேடைக்கு வந்தார்.

தன் கணவரின் சாயலில் யாரோ என்றுதான் சியாமளா முதலில் நினைத்தாள். இப்படியும் ஒற்றுமை இருக்குமா என்று அனோஜாவிடம் சொல்லத் திரும்பினாள்கூட. அதற்குள் அந்த மனிதர் மைக்கை வாங்கி, இருபது வருடம் பெட்டிகளை அளந்தவன் நான், பெட்டி ஒருநாளும் இடுப்பு இறுக்குகிறது என்று முறைப்பாடு செய்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். மண்டபமே சிரித்தது. குரல் ரகுநாதனுடையது. அந்தக் குரலில் இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதே இல்லை.

கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். செவ்வாயும் வியாழனும் என்று மனம் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. பனி கொட்டிய இரவுகளில் நெடுஞ்சாலையில் என்ன ஆனாரோ என்று சன்னலடியில் நின்றது நினைவுக்கு வந்தது. அந்த நேரமெல்லாம் அவர் இங்கே, வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருந்திருக்கிறார். அதோடு அந்தப் பெண்கள் வேறு. அவர்களுக்கெல்லாம் இவர்தானே அளவெடுத்திருப்பார்.

அனோஜா ரகுநாதனைப் பார்த்ததே ஓரிரு தடவைதான், அதுவும் காருக்குள் கம்பளித் தொப்பியோடு. அவளுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. "உவர் எங்கட ஆள்தான். ஷரோன் சொல்லுறவள், நல்ல பகிடியான மனுசனாம்," என்றாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் உடுப்புகளைப் பக்கத்து அறையில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். எழுந்து வீட்டுக்கு ஓடிவிடவேண்டும் போலிருந்தது சியாமளாவுக்கு. ஆனால் அனோஜா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஷரோனின் மேசையருகே அனோஜா நின்றுவிட, சியாமளாவின் கால்கள் தானாகவே அந்த ஜக்கெற்றுகளை நோக்கி நடந்தன. ரகுநாதனைக் காணவில்லை. ஹிஜாப் அணிந்த பெண் மட்டும் ஜக்கெற்றோடு நின்றாள். பெயர் ரிஸ்மியா, அவரோடு ஒரே வெயார்ஹவுஸில் வேலை என்று அவளே சொன்னாள். தமிழ் முகத்தைக் கண்ட சந்தோசத்தில் கடகடவென்று பேசத் தொடங்கினாள். இந்த ஜக்கெற்றைத் திருப்பித் தருவதாக இல்லை என்றாள். றகு அண்ணன் போல ஒரு மனிதரைப் பார்க்கக் கிடைக்காது, அளவெடுப்பதைக்கூடப் பெண்பிள்ளைகளிடம் கொடுத்து எடுப்பித்துவிட்டுத் தான் தள்ளிநின்று எழுதிக்கொள்வார் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்டுல அவருக்குச் சரியான கஷ்டம். மனிசி படுத்த படுக்கையாம். இண்டைக்கும் வர ஏலாமப் போச்சு. ஒவ்வொரு தொழுகையிலயும் நான் அவங்களுக்கு துஆ கேக்கிறன்."

சியாமளா தன் கையைத் தானே ஒருதரம் பார்த்துக்கொண்டாள். காலையில் மாடிப்படியெல்லாம் தூசு உறிஞ்சி, இரண்டு கூடை உடுப்புத் தோய்த்துவிட்டு வந்த கை.

"என்ன வருத்தமாம்?" என்று கேட்டாள்.

முதலில் முதுகுதானாம், பிறகு இதயத்துக்கும் போய்விட்டதாம் என்றாள் ரிஸ்மியா.

அந்த நேரம் பார்த்து, இரண்டு கையிலும் ஜூஸோடு ரகுநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். யாருடனோ சிரித்துக்கொண்டு வந்தவர் சியாமளாவைக் கண்டதும் நின்றார். ஒரு கோப்பை சரிந்து ஜூஸ் காலில் போட்டிருந்த சப்பாத்தில் சிந்தியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

ரிஸ்மியா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். சியாமளா நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று பின்னாளில் அவளுக்கே விளங்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்க்க முடியவில்லை என்பது மட்டும் உண்மை.

"ஜக்கெற் நல்லாயிருக்கு," என்றாள்.

அனோஜாவிடம் தலையிடி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் ரகுநாதன் பின்னாலேயே வந்து சேர்ந்தார். மே மாதத்து வெயில் இன்னும் மிச்சமிருந்தது. இருவரும் அவருடைய காருக்குள் ஏறினார்கள். அவர் காரை ஸ்டார்ட் பண்ணவில்லை.

பிறகு அவர் மெல்ல மெல்லச் சொன்னார். சும்மா பார்ப்போம் என்றுதான் ஒரு வகுப்புக்குப் பதிந்தாராம். ஒன்றை முடித்துவிட்டு வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தாராம். அது முடிந்ததும் அடுத்தது. நாள் போகப் போக, இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதிலில்லாமல் போயிற்று. நடுவில் ஒருநாள் எல்லோரும் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து உடுப்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மனிசிக்கு முதுகுவலி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அடுத்த கிழமை எப்படியிருக்கிறா என்று விசாரித்தார்கள். உடனே சுகமாக்கினால் கூட்டிவரச் சொல்வார்களே என்று வருத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். உடுப்பைப் போட்டுப் பார்க்க வகுப்புக்கு வந்த ரிஸ்மியாவின் காதுக்கும் அது போயிற்று.

"சிரிப்பீர் எண்டு நினைச்சன், சியாமளா. இந்த வயசில, ஆம்பிளை, உடுப்புத் தைக்கப் போறன் எண்டால்."

அவள் யோசித்துப் பார்த்தாள். சிரித்துத்தான் இருப்பாள். அனோஜாவுக்கும் சொல்லிச் சிரித்திருப்பாள். அதை அவள் மறுக்கவில்லை.

"தைச்சதுக்கு நான் கோவிக்கேல்லை," என்றாள். "அங்க நிண்டு கதைச்ச மனுசனை எனக்குத் தெரியாது. அவங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அதுக்குமேல என்னைப் படுக்கையில வேற போட்டிட்டியள்."

ரகுநாதன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அன்றைக்கு எல்லாமே பார்த்திராதவைதான். தேற்றவேண்டும் என்று தோன்றியது. ஆனால் கை போகவில்லை. ரிஸ்மியாவிடம் நீங்களே உண்மையைச் சொல்லவேண்டும், இப்போதே போய்ச் சொல்லவேண்டும், நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பிவர நேரம் பிடித்தது. கையில் அந்த ஜக்கெற் இருந்தது. ரிஸ்மியா அதைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாளாம்.

அதன்பின் ஒரு மாதம்போல வேலையிடத்தில் ரிஸ்மியா அவரோடு வேலை விசயம் தவிர எதுவும் பேசவில்லை. கடைசியில் சியாமளாதான் இலக்கத்தை வாங்கி அவளுக்குப் போன் எடுத்தாள். நான்தான் அந்த வருத்தக்காரி என்று தொடங்கினாள். "கேட்ட துஆ வீண்போகாது. நீங்க சுகமா இருக்கிறீங்கதானே," என்றாள் ரிஸ்மியா. அவரை மன்னிக்க இன்னும் நாள் எடுக்கும் என்றும், ஜக்கெற்றை மட்டும் மாரிக்குளிருக்கு முன் கொடுத்தனுப்பச் சொல்லியும் போனை வைத்தாள்.

தன் தையல் மெஷினை ரகுநாதன் கல்லூரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பேஸ்மென்றில் வைத்திருக்கிறார். கோடை முழுக்கச் சியாமளா அந்தப் படியில் இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முரளி வந்திருந்தபோது, கீழேயிருந்து இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. பெட்டிக் கதையைத்தான் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் இறங்கிப் போய்க் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ரகுநாதன் பேச்சை நிறுத்தினார்.

"நிப்பாட்டாதேங்கோ," என்றாள். "எனக்கும் முதலில இருந்து சொல்லுங்கோ."

அவர் தயங்கித் தயங்கித் தொடங்கினார். மேடையில் சொன்னதுபோல அவ்வளவு நன்றாக வரவில்லை.