டெய்லரின் கால் அளவு

மாவுக்கட்டைப் பிரித்துப் பத்து நாளாகியும் டெய்லரின் வலது முட்டி மடங்குவேனா என்று அடம்பிடித்தது. முட்டி மடங்கினால்தான் தையல் மெஷினின் மிதியில் கால் வைக்க முடியும். இல்லாவிட்டால் முப்பது வருஷத் தொழிலுக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். பிசியோதெரபிக்குப் போனால் முதல் நாளே காலை முறுக்கி உயிரை எடுத்துவிடுவார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் வேறு பயமுறுத்தியிருந்தார்.

"கத்தணும்னா கத்திடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றாள் கூட வந்த மனைவி.

பிசியோ ஓர் இளம்பெண். அறைக்கதவருகே நின்று அவர் நடந்து வருவதை மட்டும் பார்த்தாள். எப்படி விழுந்தார், என்ன தொழில், எப்போது வலிக்கிறது, படியேறினால் எப்படி இருக்கிறது என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாளே தவிர, காலைத் தொடவில்லை. நடுவில், "வீட்டுல இடது கையால சுவரைப் பிடிச்சுட்டுதான நடக்குறீங்க சார்?" என்றாள்.

டெய்லர் மனைவியை முறைத்தார். மனைவி உதட்டைப் பிதுக்கினாள்.

"அவங்க சொல்லல. உங்க நடையே சொல்லுது," என்றாள் பிசியோ.

பிறகு கட்டிலில் படுக்கவைத்து, மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் இன்ச் டேப்பை எடுத்தாள். டெய்லருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு தொடைகளையும் சுற்றி அளந்தாள். வலது தொடை ரெண்டரை சென்டிமீட்டர் இளைத்திருந்தது. ஊரையே அளந்த மனிதர், தன் கால் கரைந்துபோன அளவைத் தனக்குப் பழகிய டேப்பில் தலையைத் தூக்கி மறுபடியும் படித்துப் பார்த்தார்.

அடுத்து அவரைக் கட்டில் ஓரமாக உட்காரவைத்து, முட்டியின் பக்கத்தில் பிளாஸ்டிக் கோணமானியைப் பிடித்தாள். "முடிஞ்ச வரைக்கும் மடக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். பாதம் நன்றாகவே பின்னால் போனது. ஆனால் பிசியோ எழுதவில்லை.

"இடுப்பைத் தூக்கிட்டீங்க சார். மூச்சை விடுங்க."

டெய்லருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டேப் சுற்றியதும் வயிற்றை எக்கிக்கொள்ளும் வாடிக்கையாளர்களிடம் அவர் தினமும் சொல்வது அதைத்தான். மூச்சை விட்டார். இடுப்பு இறங்கியது.

"அம்பத்திரண்டு டிகிரி."

"அதையே எழுதும்மா. ஏமாத்தின அளவுக்குத் தைச்சா துணி உட்காராது."

பிசியோ சிரித்தாள். எதிரில் குட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். "முட்டியை மறந்துடுங்க. இதுதான் மிதி. தைங்க."

கூச்சத்தோடு விரலை அழுத்தினார். பிறகு குதிகாலை. விரல், குதிகால், விரல், குதிகால். மூன்று மாதமாக மரக்கட்டையாகக் கிடந்த பாதம் ஒன்றையும் மறந்திருக்கவில்லை. அவர் அறியாமலே இரண்டு கைகளும் எழுந்து இல்லாத துணியைத் தள்ளின. அந்தப் பெண் இன்னும் முறுக்கவுமில்லை, இழுக்கவுமில்லை. தன் உடம்புக்குள் இப்படி ஒருவன் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தானா என்று டெய்லர் பிரமித்துப் பார்த்தார்.

மிதிக்க மிதிக்க, ஏந்திய கை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலின் அடிப்பக்கம் நகர்ந்தது. பிசியோ மறுபடி கோணமானியைப் பிடித்தாள்.

"அறுபது. இடுப்பு எழும்பவே இல்லை."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"மெதுவா மிதிங்க," என்றாள். "மூணு மாசமா எண்ணெய் போடாத மெஷின்."