மேனேஜருக்கு ஆகாத தண்ணீர்

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி என் வீட்டுக்காரர் காதுபட யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லிவிட முடியாது. குடிநீர் நிலையத்தில் குளோரின் கலக்கிறவர் அவர். "இந்த ஊர்ல எவனுக்காவது வயித்துப்போக்கு வந்துச்சா? யாரால வரல?" என்று கையில் சோற்றை வைத்துக்கொண்டே கேட்பார். சாப்பிடும்போது கேட்கிற கேள்வியா அது!

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு எங்கள் மகள் மூன்று தவளைக் குஞ்சுகளைக் கொண்டுவந்தாள். வால் போய், கால் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. குண்டன், ஒல்லி, மேனேஜர் என்று பெயரும் வைத்தாள். மேனேஜர் நாள் முழுக்கத் தொட்டித் தண்ணீருக்குள் கிடந்த கல்மேல் உட்கார்ந்து மற்ற இரண்டையும் முறைக்கும், ஒரு வேலையும் செய்யாது. சாப்பிடும் முன் கை கழுவு என்றால் கேட்காதவள், தவளையைத் தொடும் முன்னும் பின்னும் கழுவினாள். தொட்டியைக் குழாயடியில் வைத்து நிரப்பிக் கொடுத்தது அப்பா. "நம்ம தண்ணி எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு!"

ஒரே வாரத்தில் மேனேஜர் சுருண்டுவிட்டது. பூச்சியைப் போட்டால் திரும்பியும் பார்க்கவில்லை, தொடையெல்லாம் சிவந்திருந்தது. மகள் சோறு தண்ணி இல்லாமல் தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மனசு கேட்குமா? மேனேஜரை ஒரு டப்பாவில் வைத்து மூவருமாக வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினோம்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்துனீங்களா? அதான். குளோரின் இதுக்கு விஷம்மா. வாளியில பிடிச்சு ஒரு நாள் திறந்து வெச்சு, அப்புறம் ஊத்துங்க. இதே தண்ணியில விட்டா பிழைக்காது."

போச்சுடா என்று நான் நினைப்பதற்குள் இவர் குதித்துவிட்டார். "என் தண்ணி விஷமா?" கடைக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்தார். "பாருய்யா, உயிரோடதானே இருக்கேன்?"

"நீங்க வாயால குடிக்கிறீங்க சார். அது தோலால குடிக்குது. ராத்திரி பகலா அதுக்குள்ளயே உட்கார்ந்து பாருங்க, தெரியும்."

வழியெல்லாம் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் மகள் நின்றாள். "அப்பா, மேனேஜர் செத்துச்சுன்னா உங்ககூட பேசவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த நிமிடமே பேச்சை நிறுத்தினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் கெட்டது நுணல் இல்லை.

திறந்து வைத்தால் குளோரின் பறந்துபோகும் என்பது அவருக்குத் தெரியாதா? அவர் பிழைப்பே அதுதான். ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

மறுநாள் காலை டீ போடப் போனேன். ஒரு பாத்திரம் காலியில்லை. சோற்றுப் பானை, குக்கர், வாளி, என் டீச்சட்டி எல்லாவற்றிலும் தண்ணீர். நடுவில் இவர், வேலையிடத்துச் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இன்னும் லேசா மஞ்சள் தெரியுது. குளோரின் முழுசா போகல."

"டீ போடணுங்க."

"சும்மா இரு, ஒரு உயிர் பிரச்சினை."

"அப்போ நான் என்ன உயிரில்லாத கட்டையா?"

மஞ்சள் மறைந்த பிறகு, அவரே கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் ஊற்றினார். அதன்பின் தினமும் அதே கூத்து. ஒரு மாலை மேனேஜர் தலையைத் தூக்கி, பக்கத்தில் ஊர்ந்த பூச்சியை லபக்கென்று விழுங்கியது. "அப்பா! சாப்பிட்டுச்சுப்பா!" என்று கத்தினாள் மகள். இவர் சட்டென்று திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல, குளோரின் நெடி" என்றார். தன் குளோரின்மேல் அவர் பழி போட்டது அதுதான் முதல் தடவை.

போன வாரம் பெருமழை. நிலையத்திலிருந்து போன் பண்ணினார்.

"ஏம்மா, தண்ணி கலங்கலா வருது. இன்னிக்கு மருந்து கொஞ்சம் கூடப் போடுறோம். தொட்டியில புதுத் தண்ணி ஊத்திடாதே, என்ன?"

"சரிங்க. நாங்க குடிக்கலாமா?"

"நீங்களா? உங்களுக்கென்ன, தாராளமா குடிங்க!"

கல்யாணமான நாளிலிருந்து எத்தனை மழை பெய்திருக்கிறது. எனக்காக ஒரு போன் வந்ததில்லை.