ஜுலைஹாவின் மூன்று நாள் பேச்சு

என் மகள் ஜுலைஹா மூன்று நாளாகப் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நிக்காஹ் முடிந்துவிடும்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்மதம் கேட்கும்போது பெண் வெட்கப்பட்டு வாய் திறக்காவிட்டால், சரி என்று எழுதிக்கொள்வார்கள். முதல் நாளே அவள் "வேண்டாம்" என்றாள். பதிவேட்டில் அந்தச் சொல்லுக்குக் கட்டம் இல்லை.

அதனால் அறைக்குள் பேசிக்கொண்டே இருக்கிறாள். இப்போது வாழைப்பூவை ஆய்வது எப்படி என்று சொல்கிறாள்.

அறை வாசலில் இரண்டு பேர். ஒருவர் என் மனைவியின் தம்பி மீரான், பதிவேட்டோடு. இன்னொருவர் சுதந்திர அலுவலகத்திலிருந்து வந்த டை கட்டிய அதிகாரி. இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் இடிக்கவில்லை. எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். 'சம்மதம்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. மை காயவில்லை.

"யாரு மச்சான் எழுதினது?"

"எல்லாம் எழுதப்பட்டதுதான் மச்சான்."

"உங்க கையெழுத்து மாதிரில்ல இருக்கு?"

"என் கையும் எழுதப்பட்டதுதானே."

"அப்ப மறுமையில கேள்வி யாருகிட்ட? கைகிட்டயா?"

மீரான் பேனாவை முகர்ந்து பார்த்தார்.

டை கட்டியவர் ஒரு தாளை நீட்டினார். "மனுஷன் பிறவியிலேயே சுதந்திரமானவன் சார். கையெழுத்துப் போடுங்க."

'யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை' என்று அச்சடித்திருந்தது.

"போடலைன்னா?"

"வீட்டை விட்டு வெளிய போக முடியாது சார்."

திரும்பிப் பார்த்தேன். தெருக்கதவு நாற்பது அடி தள்ளிப் போயிருந்தது. கையெழுத்தைப் போட்டேன். கதவு இன்னும் பத்து அடி தள்ளிப் போனது.

உள்ளே ஜுலைஹாவின் குரல் கம்மியது. இருமினாள். இருவரும் சேர்ந்து எழுந்தார்கள்.

"மூணு எண்ணுற வரைக்கும் சத்தமில்லன்னா முடிஞ்சது" என்றார் மீரான். "ஒண்ணும் பேசிறாதீங்க மச்சான். உங்களுக்கும் நிம்மதி."

குரல் நின்றது.

"ஒண்ணு" என்றார் மீரான்.

டை கட்டியவரின் உதடும் கூடவே அசைந்தது.

"ரெண்டு."

"மாப்பிள்ளைய முடிவு பண்ணினது நான்தான்" என்றேன். "அவகிட்ட அல்லாஹ்வோட நாட்டம்னு சொன்னேன். பொய். நான்தான் ஆசைப்பட்டேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லல."

மீரான் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கக் காத்திருந்தார். நான் விடவில்லை. தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தெரியாததையும் சொன்னேன்.

உள்ளே ஜுலைஹா தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.