முழுக் குழுவும் உட்கார்ந்த பிறகு

கேளிக்கைப் பூங்காவுக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போது, முன்கூட்டியே பணம் கட்டும் சாப்பாட்டுத் திட்டம் தேவையா இல்லையா என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். அடுத்த வருடத்துக்கு உதவுமாம். மூன்று நாளாக அந்தத் தாள் மேசைமேல் கிடக்கிறது. நல்ல வார்த்தையில் எழுத வரவில்லை. அவருக்கு எழுதுவதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திட்டம் வேண்டும் என்று வாய் கிழியப் பேசியவள் நான்தான்.

காரணம் இருந்தது. போன வருடம் அதே பூங்காவில் ஒரு மாணவி வயிற்றுவலி என்று மதியம் முழுக்க பெஞ்சில் படுத்திருந்தாள். வயிற்றுவலியும் இல்லை, ஒன்றும் இல்லை. கையில் காசு இல்லை, அவ்வளவுதான். அவளுக்குப் பக்கத்திலேயே மற்றவர்கள் வெளிவிலையைப்போல மூன்று மடங்கு கொடுத்து பன் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. அடுத்த முறை எல்லாருக்கும் ஒரே தட்டு என்று அன்றைக்கே முடிவு செய்தேன். முன்னாலேயே கட்டிவிட்டால் யார் பையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணத்தில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரே ஒருவர்தான் எழுந்தார். அவர் சர்க்கரையின் அம்மா.

சர்க்கரை என் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஐந்து வயதிலிருந்து நீரிழிவு. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டவளும் அவளேதான். "நீங்க வைக்கிறதுக்குள்ள நானே வெச்சுக்கிட்டேன்" என்று வகுப்பில் முதல் நாளே சொல்லி மற்றவர்கள் வாயை அடைத்துவிட்டாள். அவளுடைய அம்மாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து அலறுகிறவர்களிடம் நாள் முழுக்கப் பதறாமல் பேசுகிறவர். கூட்டத்திலும் அப்படித்தான் பேசினார்.

"டீச்சர், இவளுக்கு மட்டும் நான் வீட்டுச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பிடறேனே."

"எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. ஒருத்தருக்கு விட்டா நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிப்பாங்க. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. எழுத்துலயே கொடுத்திருக்காங்க."

"பன்னிரண்டரைன்னா பன்னிரண்டரையா?"

"என் கூட வர்ற பிள்ளைங்களுக்கு அப்படித்தான்."

மற்ற பெற்றோர்கள் சிரித்தார்கள். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மணிக்கூண்டு. அது வீடுகள் வரைக்கும் போயிருந்தது. எனக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை உண்டு. சர்க்கரையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒன்பது வருடமாக மகள் போன எல்லாப் பயணத்துக்கும் கூடவே போனவர் அவர். மற்ற பிள்ளைகள் ஆட்டம் போட, இவள் மட்டும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். இந்த முறைதான் தனியாக அனுப்பச் சம்மதித்திருந்தார். இது ஒழுங்காக முடிந்தால் அடுத்த மாதம் மூன்று நாள் அறிவியல் முகாமுக்கும் விடுவதாகச் சொல்லியிருந்தாராம். கிளம்புகிற அன்று காலையில் என் கையில் ஒரு மருத்துவர் கடிதத்தையும், மகளின் பையில் பிஸ்கட், பழச்சாறு, குளுக்கோஸ் மாத்திரை எல்லாவற்றையும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

பூங்கா வாசலில் பைகளைச் சோதித்தார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது. நாற்பது மாணவர்களின் மிட்டாயும் முறுக்கிய காகிதப் பொட்டலங்களும் ஒரு பெரிய தொட்டிக்குள் போய் விழுந்துகொண்டிருந்தன. சர்க்கரையின் முறை வந்தது. காவலாளி நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"மருத்துவ காரணம்னா விடலாம் மேடம். டாக்டர் லெட்டர் இருக்குங்களா?"

இருந்தது. கோப்புக்குள் இருந்தது. கோப்பு பேருந்தில் இருந்தது. பேருந்து வாகன நிறுத்தத்தின் கடைசி மூலையில் நின்றது. போய்வரக் கால் மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்குள் எல்லாரும் உள்ளே போக வேண்டும் என்று நான் எழுதிய அட்டவணை என் கையில் இருந்தது.

"விட்டுடும்மா" என்றேன் அவளிடம். "நமக்குத்தான் சாப்பாடு கட்டியிருக்கே. சரியா பன்னிரண்டரைக்குக் கிடைச்சுடும்."

அவள் என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், பையைத் திறந்து எல்லாவற்றையும் போட்டாள். மாத்திரை டப்பாவையும்தான். ஊசிப் பேனாவும் சர்க்கரை அளக்கிற கருவியும் மட்டும் உள்ளே வந்தன. இதை எழுதும்போது என் கையை நானே கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

பன்னிரண்டே காலுக்கு உணவுக்கூடத்தில் இருந்தோம். நீளமான மேசைகள், பச்சை நிற பிளாஸ்டிக் நாற்காலிகள். கயிறு கட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம் விளக்குச் சூட்டில் நாற்பத்திரண்டு தட்டுகள் மூடி போட்டுத் தயாராக இருந்தன. நாற்பது மாணவர்களுக்கும் எனக்கும் விளையாட்டு ஆசிரியருக்குமாக. அந்த நேரத்துக்கு எங்களைத் தவிர வேறு குழு இல்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மணி பன்னிரண்டே கால். ஊசியைப் போட்டுக்கோ."

"தட்டு வந்ததும் போட்டுக்கறேனே மிஸ்."

"கால் மணி நேரம் முன்னாடின்னு டாக்டர் லெட்டர்ல எழுதியிருக்கு. தட்டு அதோ இருக்கு. போடு."

போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு மேற்பார்வையாளர் வந்தார். கழுத்தில் டை, கையில் டேப்லெட், முகத்தில் காலையில் ஒட்டிய சிரிப்பு. தலைகளை எண்ணினார்.

"முப்பத்தஞ்சு பேர்தான் இருக்கீங்க மேடம்."

"ஏழு பேர் வந்துட்டிருக்காங்க. நீங்க பரிமாறுங்க."

"முழுக் குழுவும் உட்கார்ந்த பிறகுதான் பரிமாற முடியும். ஒரு குழுவுக்கு ஒரு தடவைதான் ஸ்கேன் ஆகும். குறைச்சலா போட்டா மீதிப் பேருக்குச் சாப்பாடு கிடையாது. ஒப்பந்தத்துல இருக்கே, நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

போட்டிருந்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்காமல் போட்டிருந்தேன். நேரத்தை மட்டும் மூன்று முறை சரிபார்த்திருந்தேன்.

வராத ஏழு பேர் விளையாட்டு ஆசிரியரும் அவரோடு போன ஆறு மாணவர்களும். பெரிய ராட்டினத்து வரிசையில் நிற்கிறார்கள் என்று தெரியும். தொலைபேசியில் கூப்பிட்டேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. ராட்டினத்தில் ஏறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் லாக்கரில் போட்டுப் பூட்டச் சொல்கிறார்களாம். இரண்டு மாணவிகளை ஓடிப்போய்க் கூட்டிவரச் சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் போனால் எண்ணிக்கை இன்னும் குறையும் என்றார் மேற்பார்வையாளர். அந்த ஆளை அப்போதே அறைந்திருக்கலாம்.

பன்னிரண்டு ஐம்பதுக்குச் சர்க்கரை மேசையில் தலை சாய்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. விரலைக் குத்தி அளந்து பார்த்துக் கருவியை என் பக்கம் திருப்பினாள். அந்த எண் எனக்கே புரியும் அளவுக்குக் கீழே இருந்தது.

"மிஸ், ஏதாவது இனிப்பா வேணும். இப்பவே வேணும்."

முப்பத்து நான்கு பேரிடம் ஒரு மிட்டாய் கிடையாது. எல்லாம் வாசல் தொட்டியில் கிடந்தது. ஓடிப்போய்த் தடுப்பில் நின்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு இன்சுலின் போட்டாச்சு. மயங்கிடுவா. ஒரு தட்டு கொடுங்க, இல்லைன்னா ஒரு கப் குளிர்பானம் மட்டும் கொடுங்க. காசு தர்றேன்."

"இங்க காசு வாங்கறதில்லை மேடம். இது பிரீபெய்ட் கவுண்டர். காசு கவுண்டர் அடுத்த கூடத்துல இருக்கு."

கண்ணாடிச் சுவர் வழியாக அடுத்த கூடம் தெரிந்தது. வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது.

"ஒரு கப். ஒரே ஒரு கப்."

"சிஸ்டம் திறக்காம நான் எதையும் தொட முடியாது. முதலுதவிக்குச் சொல்றேன், பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க."

பத்து நிமிடம். நாள் முழுக்க நிமிடத்தைத் தின்று வாழ்கிற எனக்கே அந்த வார்த்தை காதில் விழப் பொறுக்கவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே புகுந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், சேலையோடு. அவர் குறுக்கே வந்து கையை நீட்டினார்.

"ஊழியர்கள் மட்டும்தான் இங்க வரலாம் மேடம்."

"தள்ளு. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் சிஸ்டத்தை இந்தக் கூடத்துலயே போட்டு உடைப்பேன்."

முப்பது வருட வேலையில் முன்பின் தெரியாத ஒருவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. விலகினார். கப்பை எடுத்துக் குளிர்பானக் குழாயைத் திருகினேன். பாதி கப்பிலும் பாதி என் கையிலுமாக வழிந்தது. கொண்டுபோய் அவள் வாயில் வைத்தேன். பல் கப்பில் மோதி டக்டக்கென்று அடித்தது. ஒரு கப், இன்னொரு கப். பக்கத்தில் இருந்த மாணவிகள் அழுதார்கள். நான் அழவில்லை. அழுவதற்கு வேண்டிய இடத்தை எல்லாம் கோபம் பிடித்துக்கொண்டிருந்தது.

கால் மணி கழித்து அவள் முகத்தில் நிறம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து விளையாட்டு ஆசிரியர் ஆறு பேரோடு, கலைந்த தலையோடு வந்தார்.

"சாரி மிஸ். வரிசையில முன்னால வந்துட்டோம், விட மனசு வரல."

மேற்பார்வையாளர் எண்ணினார். நாற்பத்திரண்டு. டேப்லெட்டை எங்கள் குழு அட்டையில் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் எங்களை இனிதே உண்டு மகிழச் சொன்னது.

"பாருங்க மேடம், இப்ப வேலை செய்யுது" என்றார். அந்த மனிதருக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம்.

தட்டில் காய்ந்துபோன பன், வறுத்த கோழி இரண்டு துண்டு, தொய்ந்துபோன உருளைக்கிழங்கு. சர்க்கரை ஒன்றையும் மிச்சம் வைக்காமல் தின்றாள். முதலுதவிக்காரர்கள் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றார்கள். அவர்கள் போனதும் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லாதீங்க மிஸ்."

"ஏன்?"

"சொன்னா முகாம் போச்சு. இனிமே எங்க போனாலும் அவங்க கூடவே வருவாங்க. நான் காலேஜ் போனாலும் பக்கத்துல நாற்காலி போட்டு உட்காருவாங்க. ப்ளீஸ் மிஸ். எனக்குத்தான் இப்ப ஒண்ணும் ஆகலையே."

திரும்பும் வழி முழுக்க அதுதான் மனதில் ஓடியது. சொல்லாமல் விட்டால் அவளுக்கு முகாம் கிடைக்கும், எனக்கும் நல்லதுதான். எனக்கும் நல்லது என்பதை நினைத்ததும் தெரிந்துவிட்டது, இது அவளுக்காக மறைப்பது ஆகாது. ராட்டினத்தின் மேல் கோபம், டை கட்டியவர் மேல் கோபம், பின் இருக்கையில் குறட்டை விட்டுத் தூங்கிய விளையாட்டு ஆசிரியர் மேல் கோபம். இத்தனை பேரையும் திட்டி முடித்த பிறகும் வாசல் தொட்டிக்குள் அந்த மாத்திரை டப்பா விழுந்த சத்தம் போகவில்லை.

பள்ளி வாசலில் அவள் அம்மா ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார். சர்க்கரை என் கையைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். கடிதம், தொட்டி, ஊசி, கப், எல்லாவற்றையும் சொன்னேன். பூசி மெழுகவில்லை.

அவர் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார்.

"ஊசி போடச் சொன்னது யாரு?"

"நான்."

"அவ என்ன சொன்னா?"

"தட்டு வந்ததும் போட்டுக்கறேன்னு சொன்னா."

"குறையுதுன்னு முதல்ல கண்டுபிடிச்சது?"

"அவதான். அளந்து காட்டினா."

மகளை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே பட்டையைப் பூட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார். குரல் ஏறவில்லை.

"இவளுக்கு என்ன பண்ணணும்னு தெரியுது டீச்சர். இத்தனை நாளா நான்தான் நம்பல. முகாமுக்கு அனுப்பறேன், தனியாவே அனுப்பறேன். நீங்க கூடப் போறதா இருந்தா மட்டும் அனுப்ப மாட்டேன்."

முகாமுக்கு நான்தான் பொறுப்பு என்பது அவருக்குத் தெரியும். வண்டி கிளம்பிப் போய்விட்டது. அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தின் மேலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக முகாம் பட்டியலை எடுத்து, பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் என் பெயரை அடித்தேன். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது. வேறு தாள் எடுத்து வேதியியல் ஆசிரியையின் பெயரை மேலே போட்டேன். அதற்குக் கீழே, மாணவர்களில் முதலாவதாக, சர்க்கரையின் பெயரை எழுதினேன்.