எள்ளுக்கொல்லைப் பூச்சி

எங்கள் பக்கத்தில் கரண்ட் முதலில் வந்தது ஊருக்கு இல்லை, சடையப்பன் வீட்டு மோட்டார் கொட்டகைக்கு. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற பாதையில், கால்வாயை ஒட்டிச் சுண்ணாம்பு அடித்த ஒற்றை அறை. கதவுக்கு மேலே ஒரு பல்பு. என் நைனா வேதகிரிக்கு அங்கே ராக்காவல் வேலை. கரண்ட் வருகிற நேரம் பார்த்து மோட்டார் போடுவார், மடை திருப்புவார். விடியும்போது நான் தூக்கில் கூழ் எடுத்துக்கொண்டு போவேன்.

அப்போது நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். யாரும் நிறுத்தவில்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. எழுத்து தெரியும், கணக்கு வரும், வாய்தான் திறக்காது. ஆறாம் வகுப்பில் ஒரு நாள் மணி அடிக்கிறவரை என்னை நிற்கவைத்தார்கள். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த நைனாவின் தங்கை சிட்டம்மாள் அத்தை எனக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்தாள். பாதி எழுதாத நோட்டுகள் பானைக்குப் பின்னால் கிடந்தன.

அந்த நோட்டுகளுக்கு வேலை கொடுத்தது கொட்டகைச் சுவர்தான். ராத்திரி விளக்குக்கு வந்த பூச்சிகள் விடிந்த பிறகும் போகாமல் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். சருகு போல ஒன்று. வெல்லப்பாகு நிறத்தில் ஒன்று. திருநீறு பூசின மாதிரி ஒன்று. கரிக்குருவி வந்தால் எல்லாவற்றையும் கொத்திவிடும், அதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும். கூழ் சிந்தச் சிந்த ஓடுவேன்.

முதலில் நிறத்தை மட்டும் எழுதினேன். மறுநாள் பார்த்தால் நேற்று வந்ததுதானா, வேறொன்றா என்று தெரியாது. பழுப்பு, பழுப்பு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்துவிட்டு, எந்தப் பழுப்பு என்று எனக்கே விளங்கவில்லை. ஒன்றைப் பிடித்தே பார்த்துவிடலாம் என்று இறக்கையைப் பிடித்தேன். அதன் கோலமெல்லாம் பொடியாக என் விரலுக்கு வந்துவிட்டது. பூச்சி மொட்டையாக நின்றது. அன்றோடு தொடுவதை விட்டேன். பிறகுதான் எப்படி உட்கார்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். சில, கூரை மாதிரி இறக்கையை மடித்துக்கொள்ளும். சில, சுவரில் வறட்டி தட்டின மாதிரி விரித்துக்கொள்ளும். மீசை சிலவற்றுக்கு நூல், சிலவற்றுக்குச் சீப்பு. மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதினேன். பேர் சொல்ல ஆள் இல்லாததால் பேரையும் நானே வைத்தேன். சருகுக்காரி, வெல்லக்கட்டி, சாம்பல் சாமியார்.

"இன்னாடி எழுதிக்கினே கீற?" என்பார் நைனா, கூழைக் குடித்துக்கொண்டே. "பூச்சிங்கல்லாம் வோட்டுப் போடப் போவுதா?"

நான் சிரிப்பேன். நோட்டைக் காட்டமாட்டேன். காட்டினாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது.

ஒரு நாள் நான் போகும்போது சடையப்பன் வந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். "ஏண்டா வேதகிரி, சூரியன் மேல வந்தாச்சி, பல்பு எரியுது. உங்கப்பன் ஊட்டு கரண்டா?"

"மறந்துட்டங்க."

"தெனம் மறப்பியா?"

நைனா தலையைச் சொறிந்தார். மறுநாளும் பல்பு எரிந்தது. நான் சுவரைப் பார்த்து முடித்துக் கீழே உட்கார்ந்த பிறகு எழுந்து போய் அணைத்தார். இன்றைக்கும் பகலில் எங்காவது விளக்கு எரிந்தால் அணைக்க எனக்குக் கை வருவதில்லை.

பங்குனியில் ஒரு காலை நைனா துண்டு முடிச்சை அவிழ்த்தார். "உன் ஆளுதான். எள்ளுக்கொல்லையில குந்திக்கினு இருந்துச்சி."

என் விரலை விடத் தடிமனான பச்சைப் புழு. உடம்பில் சாய்ந்த கோடுகள், வாலில் சுருண்ட ஒரு கொம்பு. தொட்டால் பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. வாய் உடைந்த சட்டியில் மண் போட்டு, அதை வீட்டு மூலையில் வைத்து வளர்த்தேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுவாள். நைனா தினமும் எள்ளுத் தழை ஒடித்து, வாடாமல் இருக்கக் கால்வாய்த் தண்ணீர் தெளித்து, துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். வேறு எந்தத் தழை வைத்தாலும் அது தொடாது. ஒரு நாள் எள்ளுத் தழையையும் விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விட்டது.

"செத்துப் போச்சா?" என்றார் நைனா.

"தெரியல நைனா."

"கெளறாத. பாப்பம்."

அவர் பார்க்கவில்லை. அந்த வாரமே காய்ச்சல் கண்டது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனோம். அதே வண்டியில் வெறும் உடம்பாகத் திரும்பி வந்தார்.

அம்மா அழவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயம். "அழுதுடுடி செல்லாயி, நெஞ்ச அடச்சிக்கும்" என்று பெண்கள் அவள் முதுகைத் தட்டினார்கள். எனக்கு ஆக்கிப் போடுவாள், தான் தொடமாட்டாள். நீராகாரம் மட்டும். பேச்சும் இல்லை. வீட்டில் இப்போது இரண்டு ஊமைகள். அவளும் போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டு படுப்பேன்.

சித்திரை பிறந்து கருமாதி வந்தது. காலையில் ஏரிக்கரையில் பங்காளி பெருமாள் பெரியப்பா எள்ளும் தண்ணியும் இறைத்தார். அது கிடைத்தால்தான் போனவருக்கு வயிறு நிறையும், நிறைந்தால்தான் வழி பார்த்துப் போவார் என்பார்கள். வீட்டில் கருவாட்டுக் குழம்பும் பீடிக்கட்டும் வைத்துப் படையல் போட்டோம். அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம்.

திறந்தபோது ஆணியில் மாட்டியிருந்த நைனாவின் துண்டில் ஒரு பெரிய கரும்பழுப்புப் பூச்சி உட்கார்ந்திருந்தது.

"படையல்ல வந்து குந்திக்கினு!" என்று சிட்டம்மாள் அத்தை விளக்குமாற்றை எடுத்தாள். நுனி பட்டதும் அது கீச்சென்று கத்தியது. எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி. இறக்கையைத் தூக்கியது, உள்ளே மஞ்சள். முதுகில், பிடரிக்குக் கீழே, இரண்டு கண்ணும் மூக்குமாக ஒரு முகம்.

அத்தை விளக்குமாற்றைப் போட்டுவிட்டாள். "ஐயோ, எங்கண்ணன்!"

"அடிக்காதடி," என்றாள் அம்மா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன். "அவரத்தான் அடிக்கிற."

எல்லோரும் கும்பிட்டார்கள். நான் மூலைக்குப் போய்ச் சட்டியைப் பார்த்தேன். மண் வெடித்து, ஈச்சங்கொட்டை நிறத்தில் காலிக்கூடு கிடந்தது.

பந்தி முடிந்து ஆட்கள் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா ஜன்னல் பலகையைச் சாத்தினாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். இடுக்கில் பழந்துணி அடைத்தாள். துண்டுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே எங்கயும் போவ வாணாம்" என்று அதனிடம் சொன்னாள்.

துண்டில் இருந்தது நடுங்க ஆரம்பித்தது. பெரிய பூச்சிகள் கிளம்புமுன் இப்படித்தான் உடம்பை நடுக்கிச் சூடாக்கிக்கொள்ளும், நான் எழுதி வைத்திருக்கிறேன். அடைத்த வீட்டில் பறந்தால் சுவரில் மோதி மோதிப் பொடியெல்லாம் உதிரும். விடிந்தால் தரையில் கிடக்கும், எறும்பு இழுக்கும். அதை அம்மா பார்ப்பாள். ஒரு முறை பார்த்ததே அவளுக்குப் போதும்.

"யம்மா, ஜன்னலத் தொற."

"தொறந்தா பூடுவாரு."

"அது நைனா இல்ல."

அம்மா திரும்பினாள். எனக்கு வகுப்பில் எழுந்து நின்ற மாதிரியே இருந்தது. ஆனாலும் சொன்னேன். புழு, சட்டி, மண்ணுக்குள் போனது, எல்லாம். அதற்கு முன் என் வாயிலிருந்து அத்தனை பேச்சு வந்ததில்லை. கூட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள், இல்லை மறுபடியும் பேசாமல் போய்விடுவாள் என்று நின்றேன்.

"யாரு எடுத்தாந்தது?"

"நைனாதான். எள்ளுக்கொல்லைலேர்ந்து."

"இன்னா துன்னுச்சி?"

"எள்ளுத் தழ. வேற எதையும் தொடல."

"தண்ணி?"

"தழ மேல நைனா தெளிச்சி எடுத்தாருவாரு. அதுதான்."

கூட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எள்ளும் தண்ணியும்," என்றாள். "அது பாட்டுக்கு வவுறு நெறஞ்சித்தான் கீது. அப்பறம் நான் யாரு நிறுத்தி வெக்கிறதுக்கு?"

எழுந்து துணியை உருவினாள். ஜன்னலை அவளே திறந்தாள்.

அது துண்டைவிட்டு எழும்பி எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜன்னலைத் தாண்டி, வேலிக்கு மேலே, கால்வாய்ப் பக்கம் போனது. அங்கே கொட்டகையில் யாரோ பல்பைப் போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் அம்மா அழுதாள். அத்தை அடுத்த வீட்டிலிருந்து ஓடிவருகிற அளவுக்கு. அழுது ஓய்ந்ததும் மூக்கைச் சிந்தினாள்.

"கொயம்பு கீதா?"

குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். நான் சிம்னி விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தேன். முதன்முதலாக அவள் எதிரில். மஞ்சள், முகம், கீச்சென்ற சத்தம் எல்லாவற்றையும் எழுதினேன். பேர் இடம் காலியாக இருந்தது.

"யம்மா, இதுக்கு இன்னா பேரு வெக்கட்டும்?"

கையில் சோற்றோடு நிமிர்ந்தாள். கண் ஈரமாக இருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"நல்லா கேட்ட போ. அந்தப் பேர நான் வாயால சொல்லுவனா?"

நான்தான் எழுதினேன்.